கினிப்பன்றிக்கு அச்சமில்லாத வீடு: விளையாட்டும் பாதுகாப்பும் அமைத்துத் தரும் முறை

கினிப்பன்றி வந்த முதல் வாரத்தில் பல வீடுகளில் ஒரே ஏமாற்றம்தான் எழுகிறது. கடையில் துறுதுறுவென்று தெரிந்த பிராணி வீட்டுக்கு வந்ததும் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. பிள்ளைகள் ஆசையாக வாங்கி வைத்த சக்கரத்தையும் மணி கட்டிய பந்தையும் அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சோம்பேறிப் பிராணி என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அது சோம்பல் அன்று, அச்சம். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர்களோடு வாழ்ந்துவரும் இந்தக் கொறித்துண்ணிக்கு மரமேறத் தெரியாது, வேகமாகத் தாவத் தெரியாது, எதிர்த்துச் சண்டையிடும் பலமும் இல்லை. அசையாமல் உறைந்து நிற்பதும், அடுத்த நொடியில் ஓடி ஒளிவதுமே அதன் தற்காப்பு. ஒளிய இடம் அருகில் இருக்கிறது என்று நம்பினால் மட்டுமே அது வெளியே வந்து விளையாடும். ஆகவே பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் அதன் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச முடியாது. சென்னை அடுக்ககம் ஒன்றில் இவற்றை வளர்த்துவரும் அனுபவத்தை வைத்து, நம் ஊர் வெயிலுக்கும் வீட்டுப் பழக்கங்களுக்கும் ஏற்ற முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: துணை

ஒரு கினிப்பன்றிக்கு நாம் தரக்கூடிய சிறந்த விளையாட்டுப் பொருள் இன்னொரு கினிப்பன்றிதான். கூட்டமாக வாழும் இந்தப் பிராணியைத் தனியாக வளர்ப்பதை ஸ்விட்சர்லாந்து 2008ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகளில் தடை செய்திருக்கிறது. நம் நாட்டில் அப்படியொரு விதி இல்லாவிட்டாலும் அதன் நியாயம் எங்கும் ஒன்றுதான். நாள் முழுவதும் அலுவலகத்திலும் பள்ளியிலும் இருக்கும் நாம், மாலையில் ஒரு மணி நேரம் கொஞ்சிவிட்டால் தனிமை தீர்ந்துவிடாது.

இரண்டு பெண்களை வளர்ப்பது எளிது. குட்டியிலிருந்து ஒன்றாக வளர்ந்த இரண்டு ஆண்களும் இடம் தாராளமாக இருந்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். வாங்கும்போது இரண்டின் பாலினத்தையும் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது மிக முக்கியம். எங்களுக்கு இரண்டும் பெண் என்று சொல்லி விற்கப்பட்ட இணையில் ஒன்று ஆண் என்பது, மற்றொன்றின் வயிறு பெருத்த பிறகுதான் தெரிந்தது. கர்ப்பகாலம் 59 முதல் 72 நாள்கள். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் கருத்தரிக்கக்கூடும். ஆண் குட்டிகளை 3 வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். அதைவிடக் கவலைக்குரிய செய்தி, 6 அல்லது 7 மாத வயதைக் கடந்து முதன்முறை கருத்தரிக்கும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிவிடுவதால் பிரசவம் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும் என்பது. அது ஈனும் வரை நாங்கள் நிம்மதியாக உறங்கவில்லை.

துணைக்கு முயலைச் சேர்த்து வளர்ப்பதைத் தவிர்க்கவும். முயலின் ஓர் உதை கினிப்பன்றியின் எலும்பை முறிக்கும். முயல் எந்த நோய்க்குறியும் இல்லாமல் சுமந்து திரியும் சில கிருமிகள் இதற்கு நுரையீரல் காய்ச்சலைத் தரும்.

இரண்டாம் படி: வசிப்பிடம்

கடைகளில் விற்கப்படும் கூண்டுகளில் பெரும்பாலானவை போதாதவை. இரண்டு கினிப்பன்றிகளுக்குக் குறைந்தது 4 அடி நீளமும் 2 அடி அகலமும் வேண்டும். 5 அடிக்கு 2 அடி கிடைத்தால் நல்லது. பறவைக் கூண்டு போன்ற உயரம் இவற்றுக்குப் பயன்படாது, ஓடுவதற்கான தரைப்பரப்பே தேவை. காலணி அடுக்கு செய்ய விற்கப்படும் கம்பிச் சட்டங்களைக் கேபிள் டையால் இணைத்து, விளம்பரப் பலகை செய்பவர்களிடம் கிடைக்கும் நெளி பிளாஸ்டிக் தகட்டை அடியில் விரித்து, ஓரத்தை அரை அடி உயரத்துக்கு மடித்துவிட்டால் கடைக் கூண்டைவிடக் குறைந்த செலவில் நல்ல வீடு அமைந்துவிடும். குட்டிகள் இருந்தால் கம்பி இடைவெளியில் தலை நுழையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பூனை, பெருச்சாளி, காகம் ஆகியவை அணுகக்கூடிய வீடாக இருந்தால் மேல்மூடி கட்டாயம்.

அடித்தளம் ஒருபோதும் கம்பி வலையாக இருக்கக் கூடாது. இவற்றின் உள்ளங்காலில் ரோமம் கிடையாது. கம்பியிலோ ஈரத்திலோ தொடர்ந்து நின்றால் பாதம் புண்ணாகிச் சீழ் வைத்து, மாதக்கணக்கில் ஆறாத நோயாக மாறும். நான் பரிந்துரைப்பது ஃபிளீஸ் எனப்படும் மென்மையான செயற்கை இழைத் துணி. அதைச் சில முறை நன்கு துவைத்த பிறகு, அடியில் ஒரு துண்டைப் போட்டு அதன்மேல் விரித்தால் சிறுநீர் துண்டுக்கு இறங்கி மேற்பரப்பு உலர்ந்திருக்கும். 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாசனைத் துணி மென்மையூட்டி சேர்க்கக் கூடாது. மரத்தூளை விரும்புவோர், வாசனை தூக்கலான தேவதாரு, பைன் சீவல்களைத் தவிர்க்க வேண்டும். அவற்றின் எண்ணெய் ஆவி மூச்சுக்குழாயைப் பாதிக்கும். மாட்டுக்குப் போடும் வைக்கோலைப் படுக்கையாகப் பரப்பும் பழக்கம் இங்கே உண்டு. அதன் விறைத்த தாள் கண்ணில் குத்திக் காயப்படுத்துவதால் அதையும் நான் சேர்ப்பதில்லை.

இனி, மறைவிடங்கள். இரண்டு பிராணிகளுக்கு மூன்று மறைவிடங்கள் என்பது என் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வேண்டும். ஒரே வாசல் இருந்தால் வலுவானது வாசலை அடைத்து நிற்கும்போது மற்றது உள்ளே சிக்கிக்கொண்டு கடிபடும். அட்டைப்பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளங்கை அகல வாசல் வெட்டினாலே போதும். பசைநாடாவையும் பின்னையும் மட்டும் முழுவதும் அகற்றிவிடுங்கள். கூண்டைச் சுவரை ஒட்டி, வீட்டார் நடமாட்டம் தெரியும் இடத்தில், தொலைக்காட்சிக்கு அருகில் இல்லாமல் வைக்க வேண்டும். ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் அது திடுக்கிடாது.

மூன்றாம் படி: உணவையே விளையாட்டாக்குதல்

கினிப்பன்றியின் நாள் என்பது பெரும்பாலும் மேய்ச்சல்தான். நீண்ட நேரம் உறங்காமல் சின்னச் சின்னத் தூக்கம் போட்டு, இடையிடையே எழுந்து தின்பது அதன் இயல்பு. அதன் 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் மென்றால்தான் அவை தேயும். எனவே உணவில் ஏறத்தாழ 80 சதவீதம் உலர்புல்லாக இருக்க வேண்டும். திமோத்தி புல் இணையக் கடைகளில் கிடைக்கிறது. குதிரைமசால் உலர்புல்லில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் அதைக் குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் மட்டும் தர வேண்டும். வளர்ந்தவற்றுக்குத் தொடர்ந்து தந்தால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும். அன்றாடம் பறித்த அருகம்புல் மிக நல்லது, ஆனால் சாலையோரத்திலும் நாய்கள் நடமாடும் திடலிலும் மருந்து தெளித்த இடத்திலும் பறிக்கக் கூடாது. வைக்கோல் இவற்றுக்கு ஈடாகாது, அதில் சத்து மிகக் குறைவு.

இந்தப் புல்லை ஒரு கிண்ணத்தில் திணித்து வைத்துவிட்டால் வயிறு நிறையும். தேடும் இன்பம் கிடைக்காது. புல்லைக் கூண்டின் ஒரு மூலையில் போர்போலக் குவித்து, நடுவில் நான்கைந்து கொத்தமல்லித் தழைகளைப் புதைத்து வையுங்கள். அவை தலையால் துளைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, புல்லின் மறுபக்கம் வெளிப்பட்டு, மீண்டும் நுழையும். ஒளிவதும் தின்பதும் ஒரே செயலாகிவிடுவதால் இதைவிட நிறைவான விளையாட்டை நான் கண்டதில்லை. கழிவறைத் தாள் சுற்றிய அட்டைக் குழலிலும் புல் திணித்துத் தரலாம். அப்போது குழலை நீளவாக்கில் ஒரு கீறல் வெட்டிவிட மறக்காதீர்கள். தலை உள்ளே மாட்டிக்கொண்டால் குழல் விரிந்துகொடுக்கும்.

முளைப்பாரிக்கு விதைப்பதுபோல ஆழமில்லாத தட்டில் மண் பரப்பி, மருந்து கலக்காத கோதுமையைத் தூவி, தண்ணீர் தெளித்து வந்தால் பத்து நாளில் பசும்புல் தளதளவென்று நிற்கும். தட்டை அப்படியே கூண்டுக்குள் வைத்துவிடுங்கள். இரண்டும் அருகருகே நின்று மேயும் காட்சியைப் பார்த்தால் அடுத்த தட்டை அன்றைக்கே விதைத்துவிடுவீர்கள். இரண்டு மூன்று தட்டுகளை நாள் இடைவெளி விட்டு விதைத்தால் வாரம் ஒன்று தயாராக இருக்கும்.

வைட்டமின் சி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் இந்த வைட்டமினைத் தானே உருவாக்கிக்கொள்ள இயலாதது. 1907இல் நார்வேயைச் சேர்ந்த ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் தானியத்தை மட்டும் கொடுத்துக் கினிப்பன்றிகளை வளர்த்தபோது அவற்றுக்கு மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் வந்தது. அந்த நோயை ஆராயும் வழி அதிலிருந்துதான் திறந்தது. மூட்டு வீங்கி, ஈறில் இரத்தம் கசிந்து, நடக்க மறுத்து மூலையில் கிடக்கும் கினிப்பன்றி பல நேரங்களில் இந்தக் குறைபாட்டால்தான் வாடுகிறது. வளர்ந்த ஒன்றுக்கு அதன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். சிவப்புக் குடமிளகாயில் 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால் 25 கிராம் துண்டு ஒன்றே ஒரு நாளைக்குப் போதும். பச்சைக் குடமிளகாயில் அதைவிடக் குறைவு என்றாலும் விலை மலிவு, அதுவும் நல்லது. கொய்யாவில் இந்த வைட்டமின் ஏராளமாக இருந்தாலும் சர்க்கரையும் இருக்கிறது; வாரத்தில் ஓரிரு முறை விரல்நுனி அளவு போதும். வைட்டமின் சொட்டு மருந்தைக் குடிநீரில் கலக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். சத்து சில மணி நேரத்திலேயே சிதையும். சுவை மாறியதால் தண்ணீர் குடிப்பதையே பிராணி நிறுத்திவிடவும் கூடும்.

பெல்லட் எனப்படும் குச்சித் தீவனம் ஒன்றுக்கு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மிகக் கூடாது. அதையும் கிண்ணத்தில் கொட்டாமல் விரிப்பின் மேல் சிதறிவிட்டால் மோப்பம் பிடித்துப் பொறுக்கித் தின்னும். விதைகளும் உலர்பழங்களும் கலந்த வண்ணத் தீவனம், தேன் தடவிய குச்சி ஆகியவை வேண்டாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளி இலை, அவகேடோ, சாக்லேட், பால் பொருள்கள் ஆகியவை ஒருபோதும் கூடாது. பாலக்கிலும் தண்டுக்கீரை இனங்களிலும் கல் உண்டாக வழிவகுக்கும் ஆக்சலேட் மிகுதி என்பதால் அவற்றை அன்றாட உணவாக்க வேண்டாம். சந்தையில் வாங்கும் கொத்தமல்லியை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிய பிறகே தருவது நல்லது.

நான்காம் படி: தரையில் ஓடவிடுதல்

நாளைக்கு ஒரு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே ஓடவிட வேண்டும். காலையிலும் அந்தி வேளையிலும் இவை சுறுசுறுப்பாக இருக்கும். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை தரையில் படுத்து அறையைப் பாருங்கள். நின்றபடி தெரியாத ஆபத்துகள் அப்போதுதான் கண்ணில் படும்: தொங்கும் சார்ஜர் வடம், குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள சந்து, பீரோவின் அடியில் பிள்ளைகள் தவறவிட்ட ரப்பர் துண்டு, எப்போதோ வைத்து மறந்த எலிமருந்து. வடங்களை உயரத்தில் கட்டுங்கள். சந்துகளை அட்டையால் அடைத்துவிடுங்கள். பினாயில் தெளித்துத் துடைத்த தரை முழுவதும் உலரும் முன், வாசம் அடங்கும் முன், இறக்கிவிடாதீர்கள்.

நம் வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் தரையில் இவற்றின் கால் வழுக்கும். வழுக்கினால் ஓட மறுத்து அதே இடத்தில் உறைந்துவிடும். ஜமக்காளமோ பழைய பருத்திப் போர்வையோ விரித்தால் போதும், ஆனால் நகத்தில் சிக்கும் தொங்கல் நூல்களைக் கத்தரித்துவிடுங்கள். திறந்த வெளியின் நடுவே கொண்டுபோய் விடாமல், கூண்டிலிருந்து சுவரை ஒட்டி அட்டைப்பெட்டி, துணிச் சுரங்கம், கவிழ்த்த கூடை என்று தொடர்ச்சியாக வைத்து ஒரு பாதை போட்டுக்கொடுங்கள். முதல் நாள் ஒரு பெட்டி தூரம் வரும், ஒரு வாரத்தில் அறையின் மறு மூலை வரை வரும். ஓடும்போது திடீரென்று நான்கு காலும் தரையை விட்டு எழும்ப, காற்றிலேயே உடலை முறுக்கித் துள்ளுவதைக் கண்டால் அது பெரும் மகிழ்ச்சியில் இருக்கிறது என்று பொருள். சோளப்பொரி வெடிப்பதுபோல் இருக்கும் அந்தத் துள்ளல், அச்சம் நீங்கிய பிறகுதான் வரும்.

சக்கரமும், உள்ளே விட்டு மூடும் உருளும் பந்தும் இவற்றுக்கு ஆகவே ஆகாதவை. வெள்ளெலியைப் போல முதுகெலும்பு வளைந்துகொடுக்காததால் காயம் ஏற்படும். கழுத்துப்பட்டையும் கயிறும் அப்படியே. மாடத்தில் தொட்டிச் செடிகள் இருந்தால் அரளி, எருக்கு, ஊமத்தை, உன்னி, மணி பிளான்ட், டிஃபன்பாக்கியா ஆகியவை எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். இவை அனைத்தும் நஞ்சு.

பொருள்களை நாள்தோறும் முழுவதும் மாற்றியமைத்தால் பிராணி குழம்பும். வாரம் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். மற்றவை பழைய வாசத்தோடு பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: வெயிலும் மழையும்

தமிழ்நாட்டில் கினிப்பன்றி வளர்ப்போர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய பகுதி இதுதான். குளிர்ந்த மலைநாட்டிலிருந்து வந்த இதற்கு 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் இதமானது. 30ஐ நெருங்கும்போதே தவிக்கத் தொடங்கும். வியர்க்காத உடல், அடர்ந்த ரோமம். கத்திரி வெயில் 40ஐத் தொடும் நாளில் மூடிய அறையில் சில மணி நேரம் விட்டுவிட்டால் இறந்துவிடக்கூடும். மொட்டைமாடிக்குக் கீழேயுள்ள அறை, மேற்குச் சன்னலருகே, மாடம் ஆகிய மூன்று இடங்களையும் பங்குனியிலேயே காலி செய்துவிடுங்கள். வீட்டின் குளிர்ந்த அறையில் தரைமட்டத்தில் வையுங்கள். குளிர்சாதனம் இருந்தால் 24, 25 டிகிரியில், காற்று நேராகக் கூண்டின்மேல் வீசாதபடி ஓடவிடலாம்.

மின்வெட்டை எதிர்பார்த்து ஒரு லிட்டர் பாட்டில்கள் நான்கைத் தண்ணீர் நிரப்பி உறையவைத்துத் தயாராக வைத்திருங்கள். அவற்றைத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஓரத்தில் வைத்தால் பிராணிகள் வேண்டும்போது வந்து சாய்ந்துகொள்ளும். வாய் அகன்ற மண்பானையைப் படுக்கவைத்து, உருளாமல் இருபக்கமும் அண்டைகொடுத்து, வெளிப்புறத்தை நனைத்துவிட்டால் அருமையான குளிர்ந்த குகை. அதற்கு ஒரே வாசல்தான் என்பதால் ஆளுக்கொரு பானை வையுங்கள். சன்னலில் ஈரச்சாக்கு தொங்கவிடும் பழைய முறை உலர்ந்த உள்மாவட்டங்களில் நன்றாகக் கைகொடுக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் தண்ணீர் எளிதில் ஆவியாகாது, புழுக்கம்தான் கூடும்.

மூச்சு வேகமாகி, வாயில் எச்சில் ஒழுகி, உடல் தளர்ந்து பக்கவாட்டில் நீண்டு கிடந்தால் அது வெப்பத் தாக்கு. உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, காதுகளையும் பாதங்களையும் சாதாரணக் குளிர்நீரில் நனைத்த துணியால் ஒற்றியபடியே மருத்துவரிடம் விரைய வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடக்கூடும்.

மழைக்காலத்தில் உலர்புல் பூஞ்சை பிடிக்கும்; புளித்த வாசம் வந்தால் தயங்காமல் குப்பையில் போடுங்கள். அந்த மாதங்களில் ஈக்கள் அழுக்கான பின்புறத்தில் முட்டையிட்டுப் புழு வைக்கும் ஆபத்தும் உண்டு, ஆகையால் தினமும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

ஆறாம் படி: புகையும் ஓசையும் எறும்பும்

நுரையீரல் மிக மென்மையான பிராணி இது. கொசுவர்த்திச் சுருள், திரவக் கொசுவிரட்டி, சாம்பிராணி, ஊதுவத்தி ஆகியவற்றை அது இருக்கும் அறையில் பயன்படுத்தக் கூடாது. சன்னலுக்கு வலையடிப்பதே நிரந்தரத் தீர்வு. போகியன்று அதிகாலைப் புகை அடங்கும் வரை சன்னல்களை மூடிவையுங்கள். தீபாவளியின்போது முந்தைய நாள் மாலையே கூண்டை உள்ளறைக்கு மாற்றி, மறைவிடங்களை வழக்கத்தைவிட அதிகமாகப் புல்லால் நிரப்பி, கூண்டின் மூன்று பக்கத்தைக் கனத்த போர்வையால் மறைத்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். அதன் சீரான ஓசை வெடிச்சத்தத்தின் கூர்மையைச் சற்று மழுக்கும். எறும்பு வந்தால் சாக்பீஸ் மருந்தால் கோடு போடாதீர்கள், அது நஞ்சு. கூண்டை ஒரு மேசைமேல் ஏற்றி, கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

ஏழாம் படி: கையும் குரலும்

மேலிருந்து நீளும் கை அதற்குப் பருந்தின் நிழல். தரையில் அமர்ந்து, பக்கவாட்டிலிருந்து, கையில் குடமிளகாய்த் துண்டோடு பழகுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியிலும் மறுகை பின்புறத்துக்கடியிலும் தாங்க வேண்டும். பிள்ளைகள் எப்போதும் அமர்ந்தபடி மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்தால் காலோ முதுகோ முறியும். கீரைப்பை சரசரக்கும்போது எழும் "வீக், வீக்" என்ற கூவல் ஆவலைக் காட்டும். பல்லைக் கடகடவென்று உரசினால் கோபம், அப்போது விலகிவிடுங்கள். மடியில் அசையாமல் இருப்பதை அமைதி என்று எண்ணிவிட வேண்டாம். கண் விரிந்து உடல் விறைத்திருந்தால் அது அச்சத்தில் உறைந்த நிலை, கூண்டுக்குத் திருப்பி அனுப்புங்கள்.

எட்டாம் படி: வாரச் சோதனையும் மருத்துவமும்

வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். நோயை மறைப்பது இரைப் பிராணியின் இயல்பு. கண்ணுக்குத் தெரியும் முன் எடைதான் சொல்லும். வாரத்தில் 50 கிராமுக்கு மேல் குறைந்தால் கவனித்துப் பாருங்கள், 100 கிராம் குறைந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். அன்றே பற்கள், நகங்கள், உள்ளங்கால், காதின் பின்புறத் தோல் ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். வட்டமாக முடி உதிர்ந்து தோல் செதிலாக இருந்தால் அது நமக்கும் ஒட்டக்கூடிய படர்தாமரையாக இருக்கலாம்.

உணவைத் தொடாமல் 12 மணி நேரம் கடந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குடல் இயக்கம் நின்றுவிட்டால் மீட்பது கடினம். நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர்கள் பலர் இருப்பதால், முயல், கினிப்பன்றி ஆகியவற்றைப் பார்க்கும் மருத்துவர் உங்கள் ஊரில் யார் என்பதைப் பிராணி நலமாக இருக்கும்போதே விசாரித்து, எண்ணை வீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். மருத்துவர் எழுதிய மருந்தின் பெயரையும் படித்துப் பாருங்கள். வாய்வழியாகத் தரப்படும் பென்சிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் ஆகியவை இதன் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து நச்சுக் கிருமியைப் பெருகவிட்டுச் சில நாள்களில் கொன்றுவிடும். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் காய்ச்சலுக்கு வாங்கி மிச்சம் வைத்த மாத்திரைகளில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கிறது. நல்லெண்ணத்தோடு அதில் கால் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிட வேண்டாம் என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.